சளிக்கு மருந்து வேண்டாம் என்றால் மனம் ஏன் ஏற்க மறுக்கிறது?

கேள்வி:
என் 4 வயது மகனுக்குச் சளியும் இலேசான காய்ச்சலும் வந்தபோது, மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இது வைரஸால் வந்தது, ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரியென்று அறிந்தும், ஒன்றும் செய்யாமல் திரும்பிவிட்டோமே என்ற குற்றவுணர்வு இரவு முழுவதும் என்னை வாட்டியது. இது ஏன்?

மறுமொழி 1:
கால்பந்துப் பெனால்ட்டி உதைகள் 286ஐ ஆராய்ந்து 2007இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ 29 விழுக்காடு பந்துகள் நடுவே வந்திருந்தும், கோல்காப்பாளர்கள் நடுவிலேயே நின்றது 6 விழுக்காடு உதைகளுக்கு மட்டுமே. பாய்ந்தும் தடுக்க முடியாமல் போனால் முயன்றார் என்பார்கள். அசையாமல் நின்று கோல் விட்டால் அந்தப் பழி தாங்க முடியாதது. உங்களை வாட்டியதும் அந்த அச்சமே என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2:
எதையாவது செய்தே ஆக வேண்டும் என்ற துடிப்பு கேடாகவும் முடியலாம். 1799 டிசம்பரில் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் கடும் தொண்டை அழற்சியால் மூச்சுத் திணறியபோது, மருத்துவர்கள் வருவதற்கு முன்பே, அக்காலச் சிகிச்சை முறைப்படி தம் உடலிலிருந்து இரத்தம் எடுக்குமாறு பண்ணை மேற்பார்வையாளரிடம் சொன்னவர் அவரேதான். பின்னர் வந்த மருத்துவர்களும் அதையே தொடர, ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கும் மேல் இரத்தம் வெளியேற்றப்பட்டது. இனி வேண்டாம் என்று அவர்களில் இளையவர் தடுத்தும் பயனில்லை. அன்றிரவே வாஷிங்டன் இறந்தார். நோயே அவரைக் கொன்றிருக்கலாம், ஆனால் அந்தச் சிகிச்சை அவரை மேலும் தளரச் செய்தது.

மறுமொழி 3:
நீங்கள் சும்மா இருக்கவில்லை, கவனித்துக்கொண்டிருந்தீர்கள். மூச்சு வாங்கினாலோ, நீர் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.