கொழும்பில் ஒரு சனிக்கிழமை: சிநேகிதியோடு எங்கெங்கே இறங்கலாம்?

வெள்ளவத்தை_நிலா:
வணக்கம். திருச்சியிலிருந்து என்ர சிநேகிதி வெள்ளி இரவு வாறா. சனி முழுநாளும் கையில் இருக்கு, ஞாயிறு மதியம் கட்டுநாயக்கா விமான நிலையம் போக வேணும். பழைய கட்டடம், கோயில், கல்வெட்டு என்றால் அவவுக்கு உயிர். நல்லா நடப்பா. கடைத்தொகுதி ஒன்றும் வேண்டாம். காலையில் கோட்டை ஸ்டேஷனில் இறங்கிப் புறக்கோட்டை, பின்னேரம் காலிமுகத்திடல், இவ்வளவுதான் யோசித்திருக்கிறன். நடுவில் எதைச் சேர்க்கலாம்? தாமரைக் கோபுரம் ஏறத்தான் வேணுமா?

கொட்டாஞ்சேனை_கண்ணன்:
தங்கச்சி, புறக்கோட்டையில் தொடங்காதீங்கோ. அங்கே தொடங்கினால் கடைகள் திறக்க முதலே போய்ச் சேருவீங்கள், கொச்சிக்கடைக்கு நடந்து வரும்போது கோயில் நடை சாத்தியிருக்கும். திருப்பிப் போடுங்கோ. காலை ஏழரைக்கு ஆட்டோவில் நேரே பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போய், அங்கிருந்து கோட்டைப் பக்கமாக இறங்கி வாங்கோ. கடைசியில் நிற்கிற இடம் பஸ்ஸும் ரயிலும் இருக்கிற இடமாகவும் அமையும்.

கோயிலை 1856இல் கட்டினவர் பொன்னம்பல முதலியார். இப்ப நிற்கிற கருங்கல் கோயிலை அவருடைய மகன் சேர் பொன். இராமநாதன் 1907இல் தொடங்கி 1912இல் முடித்தார். தமிழ்நாட்டுக் கற்கோயில்களைப் பார்த்துப் பழகின ஆளுக்கு ஒரு விசயத்தைக் காட்டுங்கோ: இருநூறு வருடம்கூட ஆகாத நகரக் கோயில் ஒன்றில் தூண், போதிகை (தூணின் தலையில் உத்தரம் தாங்குகிற பகுதி), கூரைப்பலகை எல்லாம் கல்லிலேயே. சுதையும் வர்ணமும் பூசின கோயில்களே அதிகமான ஊரில் இது தனி. ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கோ.

அங்கிருந்து கொஞ்ச நடையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் சிதைந்து, சில வாரங்களிலேயே திருத்தித் திறந்த இடம். பையைச் சோதிப்பார்கள், ஆகவே சின்னப் பையாகக் கொண்டு போங்கோ. செவ்வாய்க்கிழமைதான் சனம் அலைமோதும். சனியில் அமைதியாகப் பார்க்கலாம்.

பிறகு மேட்டில் ஏறினால் வுல்பெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1749இல் அடிக்கல் வைத்து 1757இல் திறந்தது. சுவரின் தடிப்பை ஜன்னல் குழியில் கை நீட்டிப் பாருங்கோ, தெரியும். தரையில் பதித்த கல்லறைப் பலகைகள் பல, கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813இல் கொண்டுவந்தவை. கல்வெட்டுப் பிரியைக்கு இங்கேயே நேரம் போயிடும். கதவு பூட்டியிருந்தால் திரும்ப வேண்டாம், வளவுக்குள் நிற்கிற ஆளிடம் மரியாதையாகக் கேளுங்கோ.

இறங்கினால் செட்டியார் தெரு, கதிரேசன் கோயில்கள் இரண்டும் அங்கே. இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசல் 1909இல் முடித்தது. தெரு ஒடுக்கம், நேர் எதிரில் நின்றால் படத்துக்குள் கோபுரம் அடங்காது. எதிர்ப்பக்கத்துக்குப் போய், சந்திப் பக்கம் கொஞ்சம் பின்வாங்கி, போனை நிமிர்த்திப் பிடியுங்கோ. உள்ளே போக நினைத்தால் தலைக்குத் துணி, முழுக்கை. தொழுகை நேரத்துக்கு முன் போக வேணும். பதினொரு மணிக்குமேல் நாட்டாமைமார் (மூட்டை சுமக்கிறவர்கள்) தள்ளுவண்டியோடு வரும் வேகத்தில் நின்று வேடிக்கை பார்க்க ஏலாது, சுவரோரமாக நடவுங்கோ.

கல்லெழுத்து:
கண்ணன் அண்ணை சொன்ன வரிசை சரி. மதிய வெயிலுக்கு தேசிய அருங்காட்சியகம், இங்கே நூதனசாலை என்பார்கள். கோட்டை ஸ்டேஷனுக்கு முன்னாலேயே 138 பஸ் எடுக்கலாம், நூதனசாலைக்குக் கிட்ட இறக்கிவிடச் சொல்லுங்கோ. வெளிநாட்டவருக்கு டிக்கெட் விலை வேறு.

உள்ளே எல்லா அறையையும் சுற்றக் கூடாது. முதலில் காலி நகரத்து மும்மொழிக் கல்வெட்டு எங்கே என்று கேட்டு நேரே போங்கோ. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல், 1409ஆம் ஆண்டுத் திகதி. மேலே இரண்டு டிராகன், வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் தமிழும் பாரசீகமும். மூன்றும் ஒரே வாசகத்தின் மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிடாதீங்கோ. சீனத்தில் காணிக்கை புத்தருக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு. அது தேவேந்திரமுனையில் இருந்த, போர்த்துக்கேயர் பிறகு இடித்த கோயிலின் பெருமாள். காணிக்கைப் பட்டியல் மட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று போகும். 1911இல் காலியில் மதகு மூடியாகக் கிடந்ததைத்தான் கண்டெடுத்தார்கள், அதனால் எழுத்து தேய்ந்திருக்கு. அக்காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது, எ–ஏ பேதம் தெரியாது. வாசகத்தை முதலே அச்செடுத்துக் கொண்டு போனால் வரிவரியாகப் பிடிக்கலாம். இல்லையென்றால் "ஏதோ தமிழ்" என்று பார்த்துவிட்டு நகரத்தான் வரும். என்னைக் கேட்டால் தமிழர் ஒருவர் கொழும்பில் பார்க்க வேண்டிய முதல் பொருள் இந்தக் கல்தான்.

பிறகு பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலங்கள். நடராசரையும் சுந்தரரையும் தஞ்சாவூர் வெண்கலங்களோடு மனதில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் போகிற போக்கில் பார்க்கலாம்.

கல்கிசை_ரயில்:
பின்னேரம் காலிமுகத்திடல் நல்லதுதான், ஆனால் கடலைப் பார்க்க ரயில்தான் சரி. நூதனசாலையிலிருந்து ஆட்டோவில் கொள்ளுப்பிட்டி ஸ்டேஷன். அங்கிருந்து கல்கிசைவரை தண்டவாளம் கரையோடே ஒட்டிப் போகும். தெற்கே போகையில் வலப்பக்க ஜன்னல். பாணந்துறை, களுத்துறை, அளுத்கமை போகும் எல்லா இடமும் நிற்கிற ரயிலைக் கேட்டு ஏறுங்கோ. மாத்தறைக் கடுகதி கல்கிசையைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடும். சனி, ஞாயிறில் ரயில் குறைவு, நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கோ. வாசலில் தொங்க வேண்டாம், கம்பங்கள் மிகக் கிட்ட வரும். கல்கிசையில் இறங்கித் தண்டவாளத்தைக் கடந்தால் கடற்கரை. சூரியன் ஆறு, ஆறரைக்குள் இறங்கிடும், ஐந்தரைக்குள் அங்கே நில்லுங்கோ. மே முதல் செப்டெம்பர் வரை என்றால் கால் நனைப்பதோடு சரி, இழுவை கடுமை.

திரும்பும்போது 100 அல்லது 101 பஸ்ஸில் வெள்ளவத்தையில் இறங்கி இடியப்பம், சொதி.

வெள்ளவத்தை_நிலா:
எல்லோருக்கும் நன்றி. அப்ப காலிமுகத்திடல் இறால் வடை? தாமரைக் கோபுரம்?

கொட்டாஞ்சேனை_கண்ணன்:
இறால் வடையை ஞாயிறு காலையில் தேடாதீங்கோ, வண்டிகள் பின்னேரம்தான். வேணுமென்றால் சனி இரவு சாப்பாட்டைக் குறைத்துவிட்டு 100ஐ காலிமுகத்திடல்வரை பிடியுங்கோ. அடுக்கி வைத்ததை வாங்காமல், திரும்பப் பொரித்துத் தரச் சொல்லுங்கோ. கடற்காற்றில் வடை சீக்கிரம் நமத்துப் போகும்.

கோபுரம் 350 மீற்றர், 2022இல்தான் பொதுசனத்துக்குத் திறந்தது. கட்டட ரசனைக்கு அதில் ஒன்றும் இல்லை, விடுங்கோ. ஞாயிறு காலையில் பேரை வாவியில் இருக்கிற சீமா மாலக்கம் என்ற பௌத்த ஆலயத்துக்குப் போங்கோ, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்தது. எட்டு மணிக்குள் போனால் தளம் கால் சுடாது, செருப்பைக் கழற்ற வேணும் என்பதால் சொல்கிறன். பத்துக்கு வெளிக்கிட்டால் கட்டுநாயக்காவுக்கு அவதிப்படாமல் போகலாம்.