மறு: விசிட்டிங் கார்டில் ஃப்ரீலான்ஸ் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர், தமிழில் எப்படி?

> 'தனிப் பறப்புப் பயிற்றுநர்' போதாதா? கார்டிலும் அடங்கும்.

அடங்கும் ஐயா, பொருள்தான் மாறிவிடும். மாணவர் ஆசிரியர் துணையின்றி ஒண்டியாக ஓட்டும் சோலோவுக்கு 'தனிப்பறப்பு' என்று இங்கேயே பேசி முடித்தோம். தனிப்பறப்புக்கு மட்டும் பயிற்றுபவர் என்று படித்துவிடுவார்கள். 'தனியார் விமானி' இன்னும் மோசம். அமெரிக்காவில் பிரைவேட் பைலட் உரிமம் மட்டும் உள்ளவர் பொதுவாகக் கூலிக்கு விமானம் ஓட்டக் கூடாது. கூலி வேலை தேடி அடிக்கும் கார்டில் அதையா போடுவது?

> அப்படியானால் 'சுயதொழில் விமானி'.

இங்கே கொஞ்சம் அடம்பிடிக்கிறேன். நான் மொழிபெயர்க்கும் கட்டுரை அமெரிக்க நடைமுறை பற்றியது. அங்கே கூலிக்கு ஓட்ட அனுமதிக்கும் கமர்ஷியல் உரிமம் இருந்தாலும், விமானத்தையும் தானே கொடுத்து, "யார் வந்தாலும் காசுக்குக் கூட்டிப்போகிறேன்" என்று விளம்பரம் செய்தால் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.விடம், விமானச் சேவை நடத்துவோருக்கான சான்றிதழைத் தனியாக வாங்கியாக வேண்டும். இப்படி விளம்பரம் செய்வதை 'ஹோல்டிங் அவுட்' என்பார்கள். 1986-ல் வந்த ஆலோசனைச் சுற்றறிக்கை ஒன்று அதை விளக்குகிறது. கார்டும் விளம்பரம்தானே! பறக்கக் கற்றுக்கொடுக்க அந்தச் சான்றிதழ் தேவையில்லை. அதனால்தான் 'விமானி' வேண்டாம், 'பயிற்றுநர்' வேண்டும் என்கிறேன். 'பயிற்சியாளர்' என்றால் கற்பவரா கற்பிப்பவரா என்று குழம்பும்.

சரி, என் முடிவு: கட்டுரைக்குள் 'சுயதொழில் பறப்புப் பயிற்றுநர்', மாதிரிக் கார்டில் வெறும் 'பறப்புப் பயிற்றுநர்'. பறப்புப் பள்ளியின் பெயர் கார்டில் இல்லாததே மீதியைச் சொல்லிவிடும். மூன்றரை அங்குல அகலத்தில் தொலைபேசி எண்ணுக்கும் இடம் வேண்டுமே.

'ஹோல்டிங் அவுட்'டுக்கு 'ஊரழைப்பு' என்று வைக்கலாமா? கல்யாண வாடை அடிக்கிறது என்பீர்கள். அடிக்கட்டும், இன்னார் என்றில்லாமல் எல்லோரையும் கூப்பிடுவதுதானே விஷயம்.

அப்புறம் கட்டுரையில் கார்டு அடிக்கும் செலவுப் பகுதி. ஒரு தாளில் 10 கார்டு வரும்படி கிழிகோடு போட்ட அட்டைத்தாள் கடையில் கிடைக்கும், வீட்டு பிரிண்டரே போதும். மொத்தமாக 500 அடித்துவிட்டு, ஆறு மாதத்தில் இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்றுநர் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கக் கற்றுக்கொடுப்பவர்) தகுதியும் கிடைத்துவிட்டால் மீதியெல்லாம் பழைய பேப்பர்தான். பின்பக்கம் வழவழப்பும் வேண்டாம். அடுத்த வகுப்புத் தேதியை எழுதினால் பேனா மை ஈஷிவிடும்.

'பெர்ஃபரேஷன்' என்பதற்குத்தான் 'கிழிகோடு' என்று எழுதியிருக்கிறேன். அச்சகத்தில் இருப்பவர்கள் வேறு சொல் வைத்திருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.