மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள், ஆளை யார் கவனிப்பது?

வார்டு மலர்:
போன மாதம் எங்கள் மருத்துவமனையில் நர்ஸ்களுக்கு ‘மைண்ட்ஃபுல்னெஸ்’, அதாவது மனதை நிகழ்கணத்தில் நிறுத்தும் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். எப்போது தெரியுமா? நைட் டூட்டி முடிந்து ஹேண்டோவர் கொடுத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில், காலை எட்டரைக்கு. கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்றார் பயிற்சியாளர். மூன்றே நிமிடத்தில் பக்கத்தில் இருந்த பெண் குறட்டை விட ஆரம்பித்தாள். அன்று இரவு வார்டில் நாங்கள் 2 பேர், படுக்கை 32. இது மருந்தா, கண்துடைப்பா?

சாந்தம்:
நேரம் தப்பு, சரி. அதற்காக முறையே தப்பாகிவிடுமா? ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி 8 வாரம், வாரம் இரண்டரை மணி நேரம், வீட்டுப் பயிற்சி தனி. ஒரு வேளை மாத்திரையைப் போட்டுவிட்டு நோய் கேட்கவில்லை என்கிறீர்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 70 மருத்துவர்களுக்கு இதை முறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பணிச்சோர்வு குறைந்தது, நோயாளிகள் மேல் பரிவு கூடியது என்று 2009-இல் வெளியிட்டார்கள்.

கறார் கந்தசாமி:
அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே கிடையாது, அதையும் சொல்லுங்கள் சார். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்கள் சொன்னதை வில்லியம் ஃப்ளெமிங் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார். இந்த மாதிரி வகுப்புகளில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. ‘பர்ன்-அவுட்’ என்கிற இந்தப் பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் நோய் என்று சொல்லவில்லை. சரிவரக் கையாளாத வேலை அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது. கையாள வேண்டியது யார், மூக்கா?

சாந்தம்:
ஃப்ளெமிங் கணக்கு எல்லாத் துறை ஊழியர்களுக்கும் சேர்த்தது. வகுப்புக்கு முன்னும் பின்னும் அளந்ததும் இல்லை. நொந்து போனவர்கள்தானே முதலில் வந்து சேர்வார்கள்?

ஐசியு அக்கா:
22 வருட சர்வீஸ் எனக்கு. வகுப்பெல்லாம் போனதில்லை. அடுத்த படுக்கைக்குப் போகும் முன் எப்படியும் கையில் ஹேண்ட் ரப் (கிருமிநாசினி) தேய்க்க வேண்டும், 20 முதல் 30 விநாடி. அந்த நேரத்தில் மூச்சை மட்டும் பார்ப்பேன். ஒரு நாள் ஒரு குழந்தை போய்ச் சேர்ந்தது. அடுத்த நிமிடம் பக்கத்துப் படுக்கைக்கு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட வேண்டும். கை நடுங்கவில்லை. அழுகை வீட்டுக்குப் போய்த்தான் வந்தது.

கறார் கந்தசாமி:
அக்கா, உங்களை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் உங்கள் கதையையே ஸ்லைடில் போட்டு, “பாருங்கள், ஆள் எடுக்காமலே சமாளிக்கலாம்” என்பார்கள், அதுதான் பயம். கலிஃபோர்னியாவில் 1999-இல் சட்டம் போட்டு, 2004 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அங்கே பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் 5 நோயாளி, ஐசியுவில் 2. அப்படி ஆள் போட்டுவிட்டு மூச்சைப் பற்றிப் பேசட்டும், நானும் வந்து உட்காருகிறேன்.

சாந்தம்:
ஆள் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஆள் வரும்வரை அந்த 30 விநாடியையும் விடச் சொல்கிறீர்களா?

வார்டு மலர்:
இரண்டாம் வகுப்புக்கு நேற்று சுற்றறிக்கை வந்தது. டூட்டி நேரத்துக்குள் வையுங்கள், அதுவரை வார்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தாருங்கள் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். சாயங்காலமே பதில் வந்துவிட்டது: வகுப்பு ஒத்திவைப்பு.