டைனோசர் காட்டுறேன்னு பிள்ளைங்கள அரியலூர் பக்கம் கூட்டிட்டுப் போனவங்க யாராவது?

எட்டு வயசுப் பையனோட அப்பா:
போன லீவுல காரைங்கிற ஊருக்குப் போனோம். பையன் கையில பிளாஸ்டிக் சுத்தியல், எலும்பு தோண்டப் போறேன்னு வழி பூரா ஒரே ஆட்டம். போய்ப் பாத்தா மண்ணு ஓடை ஓடையா அரிச்சுக் கிடக்கு, மண்டையப் பொளக்குற வெயில், எலும்பாவது ஒண்ணாவது. ஓரமா ஒதுங்கப் போனவன் அங்கயே குத்தவச்சு உக்காந்துட்டான். கிட்டப் போனா உள்ளங்கை அகலத்துக்கு வரிவரியா சுருண்ட கல்லு, பாதி மண்ணுக்குள்ள, அம்மோனைட்ங்கிற பழங்காலக் கடல் பிராணியோட ஓடு கல்லா ஆனது. மாமியார் 'சாளக்கிராமம்டா, மிதிச்சிடாத'ன்னு செருப்பையே கழட்டிட்டாங்க. அவன் என்னப் பாத்து 'அப்ப டைனோசர் இல்லையாப்பா'ன்னான். அந்த மூஞ்சியப் பாத்து வாய் தவறி 'டைனோசர் முட்டைடா'ன்னு சொல்லிட்டேன், ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்கான். இன்னும் உறுத்துது.

பெரம்பலூர்க்காரன்:
ஏன் சார் முட்டைன்னீங்க? 2020ல எங்க குன்னத்துல உருண்டை உருண்டையா கல்லு கிடைச்சப்பவும் இதே கதைதான், டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப் பூரா சுத்துச்சு, நானும் பொண்ண வண்டில வச்சுட்டு ஓடினேன். கடைசில பாத்தா அம்மோனைட்டோட சேந்து இறுகின கடல் படிவமாம். அம்மோனைட் கணவாய், ஆக்டோபஸுக்கெல்லாம் சொந்தக்காரன். அது உயிரோட இருந்தப்ப இந்தப் பக்கம் பூரா கடலு, அதச் சொன்னாலே பிள்ளைங்க வாயப் பொளக்கும்ல.

ரெண்டு வாண்டுகளோட அம்மா:
அதுக்காக அரியலூர்ல டைனோசரே இல்லங்கிற மாதிரி பேசாதீங்க. கல்லமேட்டுல கிடைச்சுதே ப்ருஹத்காயோசாரஸ், 1987ல யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு பேரு பேர் வச்சது. முதல்ல கறி திங்கிற ஜாதின்னாங்க, அப்புறம்தான் நீளக் கழுத்து ஜாதின்னு ஆச்சு. முழங்காலுக்குக் கீழ எலும்பு மட்டும் 2 மீட்டர். மொட்டை மாடில சாக்பீஸால கோடு போட்டு மகளப் படுக்கச் சொன்னேன், பத்தல, அவ தலைமாட்டுல தம்பியப் படுக்க வச்சப்புறம்தான் சரியா வந்துச்சு. அந்த எலும்பு எங்கம்மான்னு கேட்டா. மழை ஈரத்துல பொடிஞ்சு போச்சுடின்னேன். 'யாரும் குடை பிடிக்கலையா?' எனக்கு பதில் வரல.

லீவுநாள் டிரைவர்:
எங்க பாப்பா கார்லயே தூங்கிட்டா, அவ்ளோதான் நம்ம அனுபவம். ஆனா போறவங்க கேட்டுக்கங்க, முதல்ல வாரணவாசி ஃபாசில் மியூசியம் போங்க, எதத் தேடுறோம்னு தெரிஞ்சா பிள்ளைங்க அழாது. அப்புறம் சாத்தனூர் கல்மரம், 18 மீட்டர் நீளத்துக்கு மரமே கல்லா கிடக்கு, 12 கோடி வருஷம், 1940ல எம்.எஸ். கிருஷ்ணன்னு ஒரு நிலவியல் ஆராய்ச்சியாளர் பாத்து சொன்னது. சித்திரை வெயில்ல போகாதீங்க, தண்ணி நிறைய எடுத்துக்கங்க, சுத்தியலுக்கு பதிலா பழைய பல்லு பிரஷ் குடுங்க, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள்ள இறங்க விடாதீங்க, முக்கியமா எந்தக் கல்லையும் வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, போட்டோ போதும்.

எட்டு வயசுப் பையனோட அப்பா:
முட்டை இல்லடான்னு நேத்து சொல்லிட்டேன். 'டீச்சர் அன்னைக்கே சொல்லிட்டாங்கப்பா'ன்னான். கல்லப் பத்தி மட்டும் கேக்காதீங்க சார், மாமியார் பூஜை ரூம்ல சந்தனம் பூசி இருக்கு.