வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கார்பன் வரி எதற்கு?

கணக்குவாத்தியார்:

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் எடுக்கிறேன். போன வாரம் கார்பன் வரிப் பாடம். பெட்ரோல், டீசல், நிலக்கரி எரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் வரி போடுவது, வசூலான பணத்தைக் குடும்பங்களுக்கே சமமாகப் பிரித்துக் கொடுப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். "இந்தக் கையில வாங்கி அந்தக் கையில கொடுத்தா, யாரு சார் பெட்ரோலைக் குறைப்பாங்க?"

விலை ஏறினால் நுகர்வு குறையும் என்று பாடத்தில் இருப்பதையே திரும்பச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டாள், ஆனால் முகத்தில் தெளிவில்லை. நான் சொன்னது போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. அடுத்த வகுப்பில் அவளுக்கு நேர்மையான பதிலோடு நிற்க வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

மின்கட்டணம்:

சார், கரும்பலகையில் இரண்டு வீடு வரையுங்கள். ஒரு வீடு மாதம் 10 அலகு எரிபொருள் எரிக்கிறது, இன்னொன்று 4 அலகு. அலகுக்கு வரி 10 என்று வையுங்கள். மொத்த வசூல் 140. சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 70. முதல் வீட்டுக்கு 30 நட்டம், இரண்டாவது வீட்டுக்கு 30 லாபம். பொதுவாக வசதி கூடக் கூட எரிப்பதும் கூடுகிறது என்பதால், அந்த இரண்டாவது வீடு பெரும்பாலும் ஏழை வீடாக இருக்கும்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். முதல் வீட்டுக்காரர் அடுத்த மாதம் 3 அலகு குறைத்தால் அவருக்கு வரியில் 30 மிச்சம். பங்காக வரும் 70, அவர் எவ்வளவு எரித்தார் என்று பார்த்து வருவதில்லை. கோடிக்கணக்கான வீடுகள் உள்ள நாட்டில் அவர் ஒருவர் குறைத்ததால் அந்தத் தொகை ஒரு காசுகூட அசையாது. அதனால் குறைத்தால் லாபம் என்பது அப்படியே நிற்கிறது. 4 அலகு வீட்டுக்கும் அதே கணக்குதான், அதுவும் குறைக்கக் குறைக்க மிச்சம் பிடிக்கலாம்.

பணத்தைக் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. சுவீடன் 1991-இல் கார்பன் வரி கொண்டுவந்தபோது வருமான வரியைக் குறைத்தது. 1990-ஐ விட அங்கே உமிழ்வு கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது, பொருளாதாரமும் வளர்ந்திருக்கிறது. வரி ஒன்றே இதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்கியவர்கள் ஓரிடத்தில் சூடாக்கி ஊர் வீடுகளுக்கெல்லாம் அனுப்பும் பொது வெப்பக் குழாய்க்கும், வெளியில் உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்புக்கும் மாறினார்கள். அந்த மாற்றத்தைக் கட்டுபடியாக்கியதில் வரிக்குப் பங்கு உண்டு.

நெடுஞ்சாலை:

கணக்கு சரி. ஆனால் 10 அலகு எரிப்பவரெல்லாம் வசதியானவர் இல்லை. என் அப்பா சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டியவர். டீசல் ஏறினால் அவரால் எதைக் குறைக்க முடியும்? வாடகை பேசி முடித்த சரக்கைக் கொண்டுபோய் இறக்கத்தானே வேண்டும். அந்த மாதம் வீட்டுச் செலவைத்தான் குறைத்தார். அம்மா மளிகைச் சீட்டை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிரான்ஸில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து 2018 நவம்பரில் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு சாலைச் சந்திப்புகளை மறித்தவர்களில் பலர் பஸ் வசதி இல்லாத சிற்றூர்க்காரர்கள். கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவர்கள். எரிபொருள் வரியின் பெரும்பகுதி அரசின் பொதுக் கணக்குக்குப் போனது. அதே வருடம் பெரும் பணக்காரர்களின் செல்வ வரியையும் தளர்த்தியிருந்தார்கள். ஜனம் இரண்டையும் சேர்த்துத்தான் பார்த்தது. டிசம்பரில் அரசு அடுத்த உயர்வைக் கைவிட்டது. மாற்று வழி இல்லாதவனிடம் விலையை மட்டும் ஏற்றினால் அவன் எரிப்பது குறையாது, சாப்பாடுதான் குறையும். இதையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள் சார்.

கணக்குவாத்தியார்:

கண்டிப்பாகச் சொல்கிறேன். அப்புறம் இன்னொரு சந்தேகம். கனடா ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்ததே, 2025 ஏப்ரலில் மக்கள் மீதான கார்பன் வரியை ஏன் எடுத்துவிட்டார்கள்?

மின்கட்டணம்:

நெடுஞ்சாலை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். லாரிக்காரருக்கு 70 போதாது, மாற்று வண்டிக்குக் கடனும் கால அவகாசமும் வேண்டும்.

கனடா விஷயத்தில் அரசியல் நிறைய உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விலையைப் பம்பில் நிற்கும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். திரும்பி வரும் பணம் எப்போதோ, எந்தப் பெயரிலோ வருகிறது. அங்கே முதலில் வருமான வரிப் படிவத்தில் கழிவாகக் கொடுத்தார்கள், 2022-இல்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் போட ஆரம்பித்தார்கள். பெயரில் 'கார்பன்' என்ற சொல்லே 2024-இல்தான் வந்தது. சுவிட்சர்லாந்தில் மக்களின் பங்கு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் கழிவாகப் போகிறது. நான் மின்கட்டண பில் தயாரிக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவன். ஓரத்தில் மானியம் எவ்வளவு என்று அச்சடித்திருப்போம். புகாரோடு வருபவர்களிடம் விரல் வைத்துக் காட்டினால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். கட்ட வேண்டிய மொத்தத்தைத் தவிர வேறு எதையும் யாரும் படிப்பதில்லை.

ஈரான் 2010-இல் செய்ததைப் பாருங்கள். அது வரி இல்லை, எரிபொருள் மானியத்தை வெட்டிய கதை. ஆனால் வீட்டுக்கு வரும் வலி ஒன்றுதான். விலை ஏறுவதற்கு முன்பே பணத்தைக் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்கள். இருப்பில் தெரியும், எடுக்க முடியாது. டிசம்பர் 19 அன்று புதிய விலை அமலுக்கு வந்தபோதுதான் எடுக்க விட்டார்கள். பெட்ரோல் பல மடங்கு ஏறியும் நாடு பெரிதாகக் கொந்தளிக்கவில்லை. ஆனால் அந்த நல்ல தொடக்கத்தைப் பிறகு கெடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் என்ற தொகை பல வருடம் அப்படியே கிடந்தது, பணவீக்கம் அதைக் கரைத்துவிட்டது.

கணக்குவாத்தியார்:

ரொம்ப நன்றி. வியாழக்கிழமை வகுப்பில் சீட்டுகளைப் பணமாக வைத்து நடத்திப் பார்க்கப் போகிறேன். முதலில் எல்லார் கையிலும் 70, அப்புறம்தான் வரி வசூல். அந்த மாணவிக்கு லாரிக்காரர் வீட்டைக் கொடுக்கப் போகிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.