மறு: கம்பைலர் மிஸ்மேட்ச் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் (தொகுப்பி) கணினிக்குக் கணினி வேறுபட்டு வரும் சிக்கலுக்கு என்ன சொல் என்பதுதான் பேச்சு.

> "தொகுப்பி ஒவ்வாமை" என்று வைத்துவிடலாமே?

ஒவ்வாமையை மருத்துவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். தேடினால் அரிப்புக்குக் களிம்புதான் கிடைக்கும்.

> அப்படியானால் "தொகுப்பிப் பிணக்கு"?

பிணக்கு நல்ல சொல். இணக்கம் என்று ஏற்கெனவே புழங்குகிறோம், அதற்கு எதிராகத் தானே வந்து உட்காருகிறது. என் தடை முன்பாதியில்தான். 'பிப்பி' என்று நாக்கு தடுக்குவது கிடக்கட்டும். பிணங்குவது தொகுப்பிகளா என்பதே சந்தேகம்.

ஜிசிசி என்ற தொகுப்பியின் 2015-இல் வந்த 5-ஆம் பதிப்பைப் பாருங்கள். சி++ நூலகத்தில் ஸ்ட்ரிங் (எழுத்துச்சரம்), லிஸ்ட் (பட்டியல்) இரண்டின் உள்ளமைப்பும் மாறியது. பழையதும் உள்ளேயே இருக்கிறது; எது வேண்டும் என்பதை ஒரு மேக்ரோ (நிரலில் வரையறுக்கும் பெயர்) தீர்மானிக்கும். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்குக் கிடைத்த புதிய ஜிசிசி தொகுதிகள் பழைய அமைப்பையே பிடித்துக்கொண்டன. ஆக, பதிப்பு எண் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு கணினியில் கட்டிய நூலகத்தை இன்னொன்றில் இணைக்கும்போது கோப்புகளை ஒன்றுசேர்க்கும் லிங்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (தேடிய பெயர் கிடைக்கவில்லை) என்று கத்தும். தொகுக்கும் வேலையை வேறு கணினிகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்சிசி, சாதாரண முறையில் முன்செயலாக்கத்தை (ஹெட்டர் கோப்புகளை நிரலில் சேர்ப்பதை) நம் கணினியிலேயே முடித்துவிடுவதால் இதில் தப்பிக்கலாம். அதன் பம்ப் முறையில் ஹெட்டர்களைச் சேர்ப்பது வேலை போகும் கணினியில். சிஸ்டம் ஹெட்டர்கள் அங்கே இருப்பவைதான், அதனால் மாட்டிக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறாக, ஒரே லினக்ஸில் கிளாங் என்ற வேறு தொகுப்பி உருவாக்கிய சி கோப்பும் ஜிசிசி உருவாக்கியதும் சண்டையில்லாமல் சேர்ந்துவிடும். தொகுப்பியே வேறு, பிணக்கு இல்லை!

அதனால் இரண்டு சொல் வேண்டும் என்கிறேன். தொகுப்பியின் எண் மாறினால் அது 'பதிப்பு வேறுபாடு', அவ்வளவுதான். ஆப்ஜெக்ட் கோப்புகள் (தொகுப்பி உருவாக்கும் இருமக் கோப்புகள், அதாவது பைனரி) ஒன்றோடொன்று சேர மறுத்தால் 'இருமப் பிணக்கு'. பிழை தேடுபவருக்கும் இந்தப் பிரிவு உதவும்: இருமக் கோப்பைப் படித்துக்காட்டும் ரீட்எல்ஃப் கட்டளையைப் போட்டு, தொகுப்பியின் பதிப்பு பதிவாகும் கமென்ட் பகுதியைப் பார்த்தால் முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது. அதற்குக் குறியீட்டுப் பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையைப் போட்டு, அவற்றில் 'சிஎக்ஸ்எக்ஸ்11' ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய டிஸ்ட்சிசியில் ராஸ்பெரி பை (ஏஆர்எம் செயலி உள்ள சிறு கணினி) வேலையை எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) கணினிக்கு அனுப்பும்போது 'ஜிசிசி' என்ற வெறும் பெயர் போய், எக்ஸ்86 கோப்பே திரும்பி வரலாமே, அதுவும் இருமப் பிணக்குக்குள் அடங்கிவிடும்.

சரி, ஏபிஐ-க்கு (அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ்: இருமக் கோப்புகள் ஒன்றோடொன்று சேர்வதற்கான ஒப்பந்தம்) 'இரும இடைமுகம்' போதுமா, முன்னால் 'பயன்பாட்டு' சேர்க்க வேண்டுமா? நீளமாகிறது, எனக்கு வேண்டாம். ஆட்சேபம் வராவிட்டால் மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.