கதையும் எழுதி, திறனாய்வும் படித்தவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் நானே தொடங்குகிறேன். ஊர் திருவையாறு. டெல்டாவில் ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் படித்தேன். திறனாய்வுத் தாளில் கொள்கைகளின் பெயரையும் வகைகளையும் வரிசையாக எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். படைப்பிலக்கியம் தனித் தாள். சிறுகதையின் இலக்கணம் என்ன என்று கேட்பார்கள்; ஒரு கதை எழுது என்று கேட்கமாட்டார்கள். இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பேராசிரியர் அம்மா ஒருவர்தான். அதுவும் பாடத்திட்டத்துக்கு வெளியே, சனிக்கிழமைகளில்.

ஒரு சனிக்கிழமை குறுந்தொகையின் 25ஆம் பாடலை எடுத்தார். கபிலர் பாடியது. அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், அவன் என்னைக் கூடிய நாளில் அங்கே வேறு யாருமில்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு, அதாவது கொக்கு, மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. "குருகை எடுத்துவிட்டுப் பாட்டைச் சொல்லுங்கள்" என்றார் அம்மா. சொல்லிப் பார்த்தோம். வெறும் முறையீடு மிஞ்சியது. "குருகின் கால் தினைத்தாள் போலப் பசுமையாக இருந்தது என்பதுவரை அவள் ஏன் நினைவில் வைத்திருக்கிறாள்?" என்று அடுத்துக் கேட்டார். அரை மணி நேரம் பேசினோம். இருந்த ஒரே சாட்சியின் கவனமும் மீன்மேல்தான் என்று ஒருத்தி சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் தினமும் கொக்கைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது அதுவரை தோன்றவில்லை.

பிறகு எங்கள் கதைகளைத் திருப்பித் தந்தார். என் கதையில், அப்பாயி மூன்று மா நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டுப் பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து வருகிறாள். அவள் துக்கத்தை மூன்று பத்தி எழுதியிருந்தேன். ஓரத்தில் ஒரே கேள்வி: "உன் குருகு எங்கே?" வீட்டுக்கு வந்து மூன்று பத்தியையும் அடித்தேன். மை பட்ட கட்டைவிரலை எதிலும் துடைக்காமல், எதன்மீதும் படாமல் தூக்கிப் பிடித்தபடி அவள் பஸ்ஸில் ஏறுகிறாள். கண்டக்டர் நீட்டிய டிக்கெட்டை இடது கையால் வாங்குகிறாள். அவ்வளவுதான் வைத்தேன். திறனாய்வு என்னை எழுத வைத்த நாள் அது.

அம்மாவிடம் கதையோடு அதைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரையும் தரவேண்டும். எந்த இடத்தில் எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று எழுதவேண்டும். என் முதல் கட்டுரையைப் படித்துவிட்டு, "இது பாராட்டுரை, திரும்ப எழுது" என்றார். கதையைவிட அந்தக் கட்டுரைதான் கடினமாக இருந்தது.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்:
உங்களுக்கு அமைந்த ஆசிரியர் எனக்கு அமையவில்லை தம்பி. முனைவர் பட்டத்துக்கு நாவல் ஒன்றும், அதை ஒட்டிய ஆய்வும் தருகிறேன் என்று கேட்டேன். "நாவல் ஆய்வாகாது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகம் எழுத்தாளர் பயிலரங்கைத் தொடங்கியது 1936இல். இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் படைப்பெழுத்தில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது 1970இல். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்து வலங்கைமானில் பிறந்த க.நா.சு. (க.நா.சுப்ரமண்யம்) நாவலும் எழுதினார், விமர்சனமும் எழுதினார். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கமுடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஆதாரம் இருக்கும்போது, பல்கலைக்கழகம் மட்டும் ஏன் பிரித்துவைக்கிறது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

மன்னார்குடியிலிருந்து ஒருவர்:
எனக்கு நேர்ந்தது வேறு. திறனாய்வு படிக்கப் படிக்க எழுதுவது நின்றுபோனது. ஒரு வாக்கியம் எழுதினால் அதில் என்ன குறை என்று உடனே தெரிந்துவிடுகிறது. நடவுக்குப் போகும் பெண்களைப் பற்றி ஒரு கதை, நான்கு பக்கத்தோடு இரண்டு ஆண்டுகளாக நிற்கிறது. இதைத் தாண்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

திருவையாற்றிலிருந்து மீண்டும்:
அக்கா, நானும் ஓர் ஆண்டு அப்படி நின்றிருக்கிறேன். இப்போது முதல் படியை எழுதி முடிக்கும்வரை திரும்பிப் படிப்பதில்லை. முடித்தபின் பதினைந்து நாள் நோட்டை மூடிவைத்துவிட்டு, வேறொருவர் எழுதியதுபோல எடுத்துப் படிப்பேன். பென்சிலைத் தொடுவது அப்போதுதான். அந்த நான்கு பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். குறை எதுவும் சொல்லமாட்டேன். எந்த வரியில் என் கண் நின்றது என்று மட்டும் குறித்து அனுப்புகிறேன்.